லாப நட்டக் கணக்கை வைத்து நிறுவனத்தின் ஆப்பரேட்டிங் கேஷ் ஃப்ளோவைக் கணிப்பது எப்படி?

ஒரு நிறுவனத்தில் பங்கு வாங்கலாமா, அதற்குக் கடனுக்குச் சரக்கு கொடுக்கலாமா என்று யோசிக்கும்போது பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது லாப நட்டக் கணக்குதான். பணம் வந்ததையும் போனதையும் காட்டும் கேஷ் ஃப்ளோ அறிக்கை கேட்டால் "ஆடிட்டர் இன்னும் முடிக்கவில்லை" என்பார்கள். மாதாமாதம் தயாராகும் உள் கணக்குகளில் அது இருப்பதே அரிது. ஆகவே ஆப்பரேட்டிங் கேஷ் ஃப்ளோவை, அதாவது அன்றாட வியாபாரச் செயல்பாட்டில் வந்துபோனது போக மிஞ்சும் பணத்தை, இருப்பதை வைத்து நாமே கணிக்க வேண்டியிருக்கிறது.

நிகர லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டிவிட்டு, இதுதான் வியாபாரத்தில் வந்த பணம் என்று எழுதிவிடுவது புதியவர்களின் வழக்கம். கீழே வரும் எடுத்துக்காட்டில் அந்தக் குறுக்குவழி 389,000 சிங்கப்பூர் வெள்ளி காட்டும். எல்லாப் படிகளையும் முடித்தால் முதலாளி கையில் நிஜமாக மிஞ்சுவது 154,000 வெள்ளி. இடையிலுள்ள 235,000 எங்கே போனது என்பதைத்தான் ஒவ்வொரு படியாகப் பார்க்கப்போகிறோம்.

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். அரையாண்டு அறிக்கையிலேயே கேஷ் ஃப்ளோ இருக்கும். 2020 பிப்ரவரிக்குப் பிறகு பெரும்பாலான நிறுவனங்களுக்குக் காலாண்டு அறிக்கை கட்டாயமில்லை என்பதால், இடைப்பட்ட காலாண்டில் விற்பனையையும் லாபத்தையும் மட்டும் சொல்லும் நிறுவனங்களுக்கு இந்த முறை உதவும். மற்றபடி இது தனியார் நிறுவனங்களுக்கானது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

இந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கும் போன ஆண்டினதும் வேண்டும். இரண்டிலும் பின்குறிப்புகள் இருக்க வேண்டும். குறிப்பு இல்லாத ஒற்றைப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். தேய்மானம் பல நேரம் 'விற்பனைச் செலவு' என்ற வரிக்குள் ஒளிந்திருக்கும். அதைப் பிரித்துக் காட்டுவது குறிப்பு மட்டும்தான்.

அப்புறம், இரண்டு ஆண்டு முடிவிலும் மூன்று இருப்புகள் வேண்டும்: வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி, சரக்கு இருப்பு, நாம் கொடுக்க வேண்டிய பாக்கி. முழு பேலன்ஸ் ஷீட்டைத் தர மறுப்பவர்கள்கூட இந்த ஆறு எண்களைக் கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுகிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பணம் கட்டி நிதி அறிக்கை வாங்கலாம். ஆனால் பங்குதாரர் 20 பேருக்கு மேற்படாத, வேறு நிறுவனம் எதுவும் பங்கு வைத்திராத, கடனைத் தீர்க்கும் நிலையிலுள்ள தனியார் நிறுவனங்கள் நிதி அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. குடும்ப வியாபாரங்களில் பெரும்பாலானவை இந்த வகையில் அடங்கும். அவற்றில் நேரில் கேட்பதுதான் வழி.

2. எடுத்துக்காட்டுக் கணக்கு

ஒரு கற்பனை நிறுவனம். தமிழ்நாட்டிலிருந்து அரிசி, பருப்பு, மிளகாய் இறக்கி, தேக்கா வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் குடியிருப்புப் பேட்டைகளிலுள்ள மளிகைக் கடைகளுக்கும் கடனுக்குக் கொடுக்கிறது. செனோக்கோவில் வாடகைக் கிடங்கு. 2024 டிசம்பர் 31-இல் முடிந்த ஆண்டின் கணக்கு, வெள்ளியில்:

விற்பனை: 4,200,000
விற்பனைச் செலவு: 3,150,000
மொத்த லாபம்: 1,050,000
மற்ற வருமானம்: 38,000
சம்பளம், மத்திய சேம நிதி: 410,000
தேய்மானம்: 145,000
வாராக்கடன் ஒதுக்கு: 25,000
மற்ற செலவுகள்: 203,000
வட்டி: 30,000
வரிக்கு முந்தைய லாபம்: 275,000
வரி: 31,000
நிகர லாபம்: 244,000

போன ஆண்டு விற்பனை 3,700,000, விற்பனைச் செலவு 2,775,000.

3. வரிக்கு முந்தைய லாபத்தில் தொடங்குங்கள்

நிகர லாபத்தில் தொடங்கினாலும் விடை ஒன்றுதான். ஆனால் கணக்கில் எழுதிய வரியும் இந்த ஆண்டு கட்டிய வரியும் வேறு வேறு. நிகர லாபத்தில் தொடங்குபவர்கள் பாதி வழியில் அதை மறந்துவிடுகிறார்கள். 275,000-இல் தொடங்கினால் வரியைக் கடைசியில் தனியாகக் கழித்தே ஆக வேண்டும், மறக்க வழியில்லை.

4. பணம் வெளியே போகாத செலவுகளைத் திரும்பக் கூட்டுங்கள்

தேய்மானம் 145,000. பணம் லாரி வாங்கிய அன்றே போய்விட்டது. இந்த ஆண்டு எழுதியது அதன் ஒரு பங்கு மட்டுமே. கூட்டினால் 420,000.

இந்த 145,000-ஐக் குறிப்பில் பிரித்துப் பாருங்கள். சொந்த வண்டி, குளிர்பதன அறைக்கு 55,000. வாடகைக் கிடங்கின் பயன்பாட்டு உரிமைக்கு 90,000. இந்த இரண்டாவது எண்ணை ஓரமாகக் குறித்து வையுங்கள், 10-ஆம் படியில் தேவைப்படும்.

வாராக்கடன் ஒதுக்கு 25,000. இதிலும் பணம் போகவில்லை, வர வேண்டியது வராது என்று எழுதிவைத்ததுதான். கூட்டினால் 445,000. ஆனால் இதைக் கூட்டினால் 7-ஆம் படியில் அதற்கேற்ற ஒரு திருத்தம் செய்ய வேண்டும்.

கணக்கில் எழுதி இன்னும் பணம் கட்டாத கொடுபடாச் செலவுகளையும் 'பணம் போகவில்லையே' என்று சிலர் இங்கேயே கூட்டிவிடுவார்கள். வேண்டாம். டிசம்பர் சம்பளத்துக்கான சேம நிதிச் சந்தா ஜனவரி 14-க்குள் கட்டப்படும். ஆண்டு முடிவில் அது கொடுக்க வேண்டிய பாக்கியில் உட்கார்ந்திருக்கும். அதை அங்கே ஒருமுறை எண்ணினால் போதும்.

5. 'மற்ற வருமானம்' வரியை உடைத்துப் பாருங்கள்

அதிகம் பேர் தாண்டிப் போகும் வரி இது. எங்கள் எடுத்துக்காட்டின் 38,000-க்குள் மூன்று வகை இருக்கிறது: அரசாங்க ஆதரவுத் தொகை 18,000, பழைய வேனை விற்ற லாபம் 12,000, வங்கி வட்டி 8,000.

வேன் லாபத்தைக் கழியுங்கள். வேனை விற்றதில் 20,000 வந்தது. கேஷ் ஃப்ளோ அறிக்கையில் செயல்பாடு, முதலீடு, நிதித் திரட்டல் என்று மூன்று பிரிவுகள் உண்டு; அது முதலீட்டுப் பிரிவுக்குப் போகும். மிளகாய் விற்கும் நிறுவனத்துக்கு வருடா வருடம் வேன் விற்று லாபம் வராது. மீதி 433,000. வங்கி வட்டியையும் இங்கே கழித்துவிடலாம்: 425,000.

ஆதரவுத் தொகை செயல்பாட்டு வருமானம்தான், இருக்கட்டும். ஆனால் அது வந்துசேர்ந்த பணமா, வரப்போகும் பணமா என்று கேளுங்கள். சம்பள உயர்வில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கும் திட்டத்தில் பணம் அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில்தான் வரும். கணக்கில் முன்னதாகவே எழுதியிருந்தால் அதுவும் வர வேண்டிய பாக்கிதான். எடுத்துக்காட்டில் பணம் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

6. வட்டிச் செலவைத் திரும்பக் கூட்டி, தனியே வையுங்கள்

30,000 கூட்டினால் 455,000. நடைமுறை மூலதன (பாக்கிகளிலும் சரக்கிலும் முடங்கும் பணம்) மாற்றங்களுக்கு முந்தைய எண் இது.

கட்டிய வட்டியை எந்தப் பிரிவில் காட்டுவது என்பதை இப்போதைய கணக்கியல் தரநிலை நிறுவனத்தின் தெரிவுக்கு விட்டிருக்கிறது. ஒருவர் செயல்பாட்டில் காட்டுவார், இன்னொருவர் நிதித் திரட்டலில் காட்டுவார். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது வட்டியை வெளியே எடுத்து வைத்தால்தான் ஒரே தராசில் நிறுத்த முடியும். சிறு நிறுவனங்களுக்கான தனித் தரநிலையை அல்லாமல் முழுத் தரநிலையைப் பின்பற்றும் பெரும்பாலான நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளில் இந்தத் தெரிவு இருக்காது. கட்டிய வட்டி நிதித் திரட்டலில்தான் வரும்.

7. நடைமுறை மூலதனம்: நிதானமாகச் செய்ய வேண்டிய படி

இதுவரை செய்ததெல்லாம் கூட்டல் கழித்தல். விடை நல்லதா கெட்டதா என்பது இந்தப் படியில்தான் தெரியவரும்.

குறியீட்டில்தான் முதல் தடுமாற்றம். வர வேண்டிய பாக்கியும் சரக்கும் கூடினால் பணம் வெளியே போனதாக அர்த்தம், கழியுங்கள். கொடுக்க வேண்டிய பாக்கி கூடினால் பணம் நம்மிடமே தங்கியிருக்கிறது, கூட்டுங்கள். சந்தேகம் வந்தால், இந்த இருப்பு கூடியதால் என் வங்கிக் கணக்கு நிறைந்ததா குறைந்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

*வர வேண்டிய பாக்கி.* ஆண்டின் தொடக்கத்தில் 520,000, முடிவில் 645,000. உயர்வு 125,000. இதை அப்படியே கழித்தால் தப்பு. இவை ஒதுக்கு போக மிஞ்சிய எண்கள். 25,000 ஒதுக்கினால் பாக்கி ஏற்கெனவே 25,000 குறைந்து தெரிகிறது. அதே 25,000-ஐ 4-ஆம் படியிலும் கூட்டிவிட்டோம். ஒரே தொகை இரண்டு முறை நமக்குச் சாதகமாகப் போகிறது. ஆகவே கழிக்க வேண்டியது 125,000 + 25,000 = 150,000. ஒதுக்கைக் கூட்டாமலே விட்டால் 125,000 போதும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும்.

*சரக்கு.* 380,000-இலிருந்து 440,000. கழிப்பது 60,000. தீபாவளி முடிந்து டிசம்பரில் ஆண்டை முடிக்கும் மளிகை வியாபாரத்தில் சரக்கு குறைவாகத் தெரியும். தீபாவளிக்கு முந்தைய மாதக் கணக்கை வைத்துக் கணித்தால் நிலைமை தலைகீழாக இருக்கும். முடிந்தால் ஒரே மாதத்தை ஒரே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

*கொடுக்க வேண்டிய பாக்கி.* 370,000-இலிருந்து 423,000. கூட்டுவது 53,000. ஆனால் இந்த வரியை அப்படியே நம்பக்கூடாது. கீழே உள்ள மூன்றும் இதற்குள் கலந்து கிடக்கும்.

முதலாவது, 'இயக்குநருக்குத் தர வேண்டியது'. முதலாளி சொந்தப் பணத்தைப் போட்டுச் சம்பளம் கொடுத்திருப்பார். அது 'மற்ற பாக்கி' என்ற தலைப்பில் ஏறியிருக்கும். அதைச் செயல்பாட்டு வரவாக எண்ணினால், தள்ளாடும் கடை செழிப்பான கடையாகத் தெரியும். முழுவதும் எடுத்துவிடுங்கள், அது நிதித் திரட்டல்.

இரண்டாவது, டிரஸ்ட் ரிசீட். இறக்குமதியாளர்கள் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். சரக்கு அனுப்பியவருக்கு வங்கி பணம் கட்டிவிடும்; நிறுவனம் மூன்று நான்கு மாதம் கழித்து வங்கிக்குக் கட்டும். இது வங்கிக் கடன், வியாபாரப் பாக்கியில் சேராது. சிறு நிறுவனங்களின் உள் கணக்கில் இரண்டும் ஒரே வரியில் கிடப்பது சர்வ சாதாரணம்.

மூன்றாவது, ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வசூலித்ததை ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். டிசம்பர் 31 அன்று அந்தப் பணம் வங்கியில் சொந்தப் பணம் போல இருக்கும். இது செயல்பாட்டுப் பாக்கிதான், எடுக்க வேண்டாம். ஆனால் மீந்த பணமென்று நினைக்கவும் வேண்டாம்.

எடுத்துக்காட்டில் 53,000-உம் சுத்தமான வியாபாரப் பாக்கி என்று கொள்வோம். 455,000 − 150,000 − 60,000 + 53,000 = 298,000.

8. இருப்பு எண்கள் கிடைக்கவே இல்லை என்றால்

முதலாளியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வாடிக்கையாளர் எத்தனை நாளில் பணம் தருகிறார்கள், சரக்கு எத்தனை நாள் கிடங்கில் கிடக்கிறது, நீங்கள் எத்தனை நாளில் கொடுக்கிறீர்கள்? அவர் 50, 50, 48 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு கண்ணி. பாக்கியில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும், விற்பனையில் சேராது. விற்பனையை முதலில் ஜிஎஸ்டியோடு எழுதுங்கள். 2023-இல் வரி 8 விழுக்காடு, 2024 ஜனவரி 1 முதல் 9. ஆக 3,996,000-உம் 4,578,000-உம். வித்தியாசம் 582,000; அதில் 50 நாள் பங்கு சுமார் 80,000. விற்பனைச் செலவு 375,000 கூடியிருக்கிறது; சரக்குக்கு 50 நாள் என்றால் சுமார் 51,000, கொடுக்க வேண்டியதற்கு 48 நாள் என்றால் சுமார் 49,000. மொத்தத்தில் 82,000 வெள்ளி வியாபாரத்துக்குள் முடங்கியதாகக் கணிப்பு. ஏற்றுமதி விற்பனைக்கு ஜிஎஸ்டி பூஜ்யம் என்பதால் அந்தப் பகுதிக்கு இந்தப் பெருக்கல் வேண்டாம்.

இந்த வழியில் போகும்போது வாராக்கடன் ஒதுக்கைத் திரும்பக் கூட்டாதீர்கள். அதை ஈடுசெய்யப் பாக்கி எண் நம்மிடம் இல்லை.

7-ஆம் படியில் வந்த நிஜ எண் 157,000 (150,000 + 60,000 − 53,000). ஒதுக்கின் 25,000-ஐ விட்டாலும் 132,000. கணிப்பு 50,000 குறைவு. காரணம், முதலாளி சொன்ன 50 நாள் இரண்டு ஆண்டுக்கும் ஒன்றல்ல. கணக்குப்படி வசூல் நாள் 47-இலிருந்து 51-க்கு நீண்டிருக்கிறது. இந்த நிறுவனத்தில் வசூல் ஒரு நாள் தள்ளிப்போனால் சுமார் 12,500 வெள்ளி மாட்டிக்கொள்ளும். ஐந்து நாள் தவறாகக் கணித்தால் 63,000 பிசகும். அதனால் ஒரே எண்ணாக எழுதாமல், 45 நாளுக்கு ஒன்றும் 55 நாளுக்கு ஒன்றும் போட்டு இரண்டையும் காட்டுங்கள்.

9. வரியைக் கட்டிய கணக்கில் கழியுங்கள்

தொடக்க வரிப் பாக்கி + இந்த ஆண்டு வரிச் செலவு − முடிவு வரிப் பாக்கி = கட்டியது. 27,000 + 31,000 − 30,000 = 28,000. ஒத்திவைத்த வரி (இப்போது கட்டாமல் பின்னாளுக்கென்று கணக்கில் எழுதிய வரி) இருந்தால் அதை முதலில் செலவிலிருந்து எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது 270,000.

பாக்கி தெரியாவிட்டால் போன ஆண்டின் வரிச் செலவை எடுத்துக்கொள்ளலாம். உத்தேச வருமானத்தை நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்கிறார்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் தவணையும் உண்டு. ஆக இந்த ஆண்டு வெளியே போவது பெரும்பாலும் போன ஆண்டு லாபத்தின் வரி. வரவுசெலவுத் திட்டத்தில் தள்ளுபடி அறிவிக்கும் ஆண்டுகளில் அதைவிடக் குறையும். இந்த எடுத்துக்காட்டில் அதைச் சேர்க்கவில்லை.

லாபத்தை 17 விழுக்காட்டால் பெருக்கி வரி போடுகிறவர்களும் உண்டு. 275,000-க்கு 46,750 வரும். முதல் 10,000-இல் 75 விழுக்காடும் அடுத்த 190,000-இல் பாதியும் விலக்கு என்பதால், வேறு திருத்தம் எதுவும் இல்லாவிட்டால் 29,325-தான்.

10. வாடகையைத் தேடிப் பிடியுங்கள்

முழுத் தரநிலையைப் பின்பற்றும் கணக்கில் 2019 முதல் நீண்டகால வாடகை 'வாடகை' என்ற பெயரில் இருக்காது. அதைக் கடன்போல எழுதுவதால் ஒரு பகுதி தேய்மானமாகவும் ஒரு பகுதி வட்டியாகவும் வரும். இரண்டையும் 4, 6-ஆம் படிகளில் திரும்பக் கூட்டிவிட்டோம். அதாவது நம் 270,000-இல் கிடங்கு இலவசம்!

வாடகை கட்டாமல் கிடங்கு நடத்த முடியாது. எடுத்துக்காட்டில் கட்டிய வாடகை 98,000: அசல் 86,000, வட்டி 12,000. கழித்தால் 172,000. வங்கிக் கடனுக்குக் கட்டிய வட்டி 18,000 போக 154,000. தேய்மானத்தில் வந்த 90,000-ஐ வாடகை என்று கழிப்பது கிட்டத்தட்ட சரியாக வரும், ஆனால் அசலின் எண் கிடைத்தால் அதையே எடுங்கள்.

சிறு நிறுவனங்களுக்கான தரநிலையில் சாதாரண வாடகை இன்னும் செலவாகவே நிற்கிறது. அங்கே இந்தக் கழித்தல் செய்தால் வாடகை இருமுறை போகும். ஆகவே எந்தத் தரநிலை என்பதைக் கணக்கின் முதல் குறிப்பிலேயே பார்த்துவிடுங்கள். பேரங்காடியில் வாடகைக்கு இருக்கும் உணவகங்களை ஒப்பிடும்போது இந்தப் படியைத் தாண்டினால் முழு ஒப்பீடும் வீண். பொதுவாக நான் 270,000-ஐ அறிக்கைக்கும் 154,000-ஐ முடிவெடுக்கவும் வைத்துக்கொள்வேன்.

11. வங்கி இருப்போடு மோதிப் பாருங்கள்

வங்கிக் கணக்கின் தொடக்க இருப்பும் முடிவு இருப்பும் கேட்டு வாங்குங்கள். எடுத்துக்காட்டில் 210,000, 232,000. கூடியது 22,000.

நம் 154,000-இல் தொடங்குவோம். வங்கி வட்டி வரவு 8,000, வேன் விற்ற 20,000 கூட்டினால் 182,000. புதிய குளிர்பதன அறைக்கு 60,000, பங்குதாரர்களுக்கு லாப ஈவு 100,000 கழித்தால் 22,000. பொருந்துகிறது.

பொருந்தாதபோது முதலில் 'இயக்குநருக்குத் தர வேண்டியது' வரியைப் பாருங்கள், அடுத்து டிரஸ்ட் ரிசீட் இருப்பை, அடுத்து ஆண்டு முடிவில் வாங்கி இன்னும் பணம் கட்டாத இயந்திரங்களை. நான் பார்த்த வரையில் பெரிய இடைவெளிகள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும். இவற்றுக்குப் பிறகும் சில ஆயிரம் வெள்ளி இடித்தால் விட்டுவிடலாம். லாபத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடித்தால் எண்ணைக் கொடுக்காமல் வங்கி அறிக்கையை மாதவாரியாகக் கேளுங்கள்.